ஒன்பது நாள் கூர்

2022 ஜூன் 7, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, அடையாறு காந்தி நகரில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் கதிரேசன் அறுத்த நைலான் கயிறு, ஜூன் 16, வியாழக்கிழமை அதே பதினொன்றேகாலுக்கு இரண்டாக விழுந்தது. இடைப்பட்ட ஒன்பது நாளும் அந்தக் கயிறு பெயிண்ட் வாளிகளை ஏற்றி இறக்கியது. அறுத்த அன்று கத்தி கயிற்றின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்ததைக் கதிரேசன் பார்த்தார். கயிறு விலகவில்லை. கண் ஏமாற்றியிருக்கும் என்று நினைத்து அதை அப்படியே கொக்கியில் மாட்டினார். விழுந்த அன்று அதில் அரை வாளி தந்த நிறப் பெயிண்ட் இருந்தது. கீழே செம்பருத்திச் செடி ஒன்று வெள்ளையானதைத் தவிர வேறு சேதம் இல்லை. கயிற்றின் இரண்டு முனைகளும் அந்த நிமிடம் வெட்டியது போலப் பிசிறில்லாமல் இருந்தன.

கதிரேசனுக்கு அப்போது வயது முப்பத்தாறு. உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிறு கட்டி, பலகையில் உட்கார்ந்து தொங்கியபடி வண்ணம் அடிப்பது அவர் தொழில். கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையில் இருந்த குடும்பத்தை அரசு பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு மாற்றிய பிறகு, வேலைக்கு வர ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டியிருந்தது. இரண்டு நிறங்கள் சேரும் இடத்தில் டேப் ஒட்டாமல் வெறும் கையால் நேர்க்கோடு இழுப்பார் என்பதற்காகவே கான்ட்ராக்டர்கள் அவரைத் தேடினார்கள். பக்கத்துக் கயிற்றில் எப்போதும் தல்ஹா தொங்குவார். திருவல்லிக்கேணிக்காரர், எட்டு வயது இளையவர், வாய் ஓயாதவர்.

கத்தி, கயிறு அறுப்பதற்கு நாலு நாள் முன்புதான் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பூட்டுகளுக்கும் டார்ச் விளக்குகளுக்கும் நடுவில் கிடைத்தது. கறுப்புக் கொம்புப் பிடி, நான்கு விரல் நீள அலகு, கட்டை விரல் அகலம், மடக்கினால் சட்டைப் பைக்குள் அடங்கும். செய்தவர் பெயர் எதுவும் அதில் இல்லை. பெயிண்ட் டப்பா மூடியை நெம்புவதும், பட்டி மாவுச் சாக்கைக் கிழிப்பதும், அட்டைப்பெட்டியைப் பிரிப்பதும், ஜன்னல் சட்டத்தில் பழைய பெயிண்டைச் சுரண்டுவதும், கயிறு அறுப்பதும் அந்த ஒரே கத்திதான். சிமெண்டும் சுண்ணாம்பும் ஏறிய கயிறு எந்தக் கத்தியையும் சீக்கிரமே மழுக்கிவிடும். அதனால் மாதம் ஒரு முறையாவது அதைத் தல்ஹாவின் தாய்மாமன் இனாயத்திடம் கொண்டுபோவார்.

இனாயத்தின் சாணைக் கடை மீர்சாகிப்பேட்டை மார்க்கெட் வாசலில் ஒரு சக்கரமும் ஓர் ஆளும் நிற்கும் அகலத்தில் இருக்கிறது. கறிக்கடைக் கத்திகளையும் ஓட்டல் கத்திகளையும் சக்கரத்தில் வைப்பார். நல்ல இரும்பு என்று தோன்றினால் சக்கரத்தைத் தொடமாட்டார். சூடேறினால் இரும்பின் உறுதி போய்விடும் என்று கல்லில் தண்ணீர் விட்டுக் கையாலேயே தேய்ப்பார். அவரிடம் மூன்று கற்கள் உண்டு, ஒன்றைவிட ஒன்று நைசானவை. யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்: "வெட்டணுமா, தாங்கணுமா?" மெல்லிய கூர் நன்றாக வெட்டும், ஆனால் சீக்கிரம் உதிர்ந்துவிடும். கொஞ்சம் தடித்த சரிவில் பிடித்த கூர் பல நாள் தாங்கும், ஆனால் அந்த அளவுக்கு வழுக்கிக்கொண்டு வெட்டாது. இரண்டும் ஒரே கத்தியில் கிடைக்காது என்பது அவர் முப்பது வருடமாகச் சொல்லிவருவது. கதிரேசன் முதல் நாளே "தாங்கணும் பாய்" என்று சொல்லிவிட்டதால், அந்தக் கத்தியைப் பொறுத்தவரை இனாயத் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

கயிறு விழுந்த கதையைக் கேட்டபோது அவர் வியப்புக் காட்டவில்லை. "அறுந்தது கயித்துக்கே தெரியல. தெரிய ஒம்போது நாள் ஆயிருக்கு. மூணாவது கல்லு வரைக்கும் போனேன்ல, அதான்" என்றார். பிறகு சோதித்துப் பார்த்தார்கள். முதல் கல்லோடு நிறுத்தினால், வெட்டிய பொருள் ஒரு நாள் கழித்துப் பிரிந்தது. இரண்டாவது கல்லுக்குப் பிறகு மூன்று நாள். மூன்றாவது கல்லுக்குப் பிறகு ஒன்பது நாள். வேலை செய்யச் செய்ய நாள் குறைந்துகொண்டே வந்தது. பத்து நாள் வேலைக்குப் பின் மூன்று நாள் கூர்தான் மிச்சமிருக்கும், இருபது நாளில் ஒரு நாள் கூர். மாதக் கடைசியில் அது ஊரிலுள்ள எல்லாக் கத்திகளையும் போல வெட்டியதை உடனே இரண்டாக்கியது. கதிரேசன் தினமும் காலையில் ஒரு துண்டுச் சணலை வெட்டி ஆணியில் தொங்கவிட்டு, அது எப்போது விழுகிறது என்று பார்த்துக் கத்தியின் நிலையைத் தெரிந்துகொண்டார். உடனே அறுபட வேண்டியதை அறுப்பதற்கென்று மழுங்கிப்போன பழைய கத்தி ஒன்றை இடது பையில் வைத்துக்கொண்டார். நல்ல கத்தி வலது பையில் இருந்தது.

மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஸ்ரீனிவாசராகவன். ஓய்வு பெற்ற பிறகு நாள்தோறும் நடந்தவற்றை டைரியில் எழுதிவைப்பவர். 2022 செப்டம்பரில் அங்கே வேலை நடந்தபோது கதிரேசன் அவருக்கு ஒரு கிளிமூக்கு மாங்காயை நறுக்கிக் கொடுத்தார். மாங்காய் முழுசாகவே இருந்தது. இரண்டு நாள் கழித்து, அது ஏற்கெனவே நறுக்கியது என்று தெரியாமல், அவர் மனைவி அபயாம்பாள் அதை நறுக்கித் தரச் சொன்னார், கதிரேசனும் அதே காம்பைப் பிடித்து அதே வாக்கில் நறுக்கினார். கத்தி அதற்கிடையில் சாணை பிடித்து வந்திருந்தது. மாங்காய் இரண்டாம் தடவை நறுக்கிய நாளிலிருந்து ஒன்பதாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தட்டில் தானாகப் பிரிந்தது. அன்று பறித்ததைப் போலப் புளித்தது. செயலாளர் தேதி, கிழமை, மணியோடு அதை எழுதிவைத்தார்.

2023 ஜனவரி 5, வியாழக்கிழமை, தியாகராய நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய ஆறு மாடிக் கடைக் கட்டடம் ஒன்றில் பொங்கலுக்கு முன் முடித்தாக வேண்டிய வேலை நடந்துகொண்டிருந்தது. மாலை நாலு பத்துக்கு ஐந்தாம் மாடி உயரத்தில் தல்ஹாவின் பலகை ஒரு பக்கம் சரிந்தது. தொங்கிய கயிற்றின் வால் அவர் இடது மணிக்கட்டைச் சுற்றி இறுக, முழு உடம்பும் அந்தக் கையில் தொங்கியது. விரல்கள் நீலம் பாய்ந்தன. கதிரேசன் சுவரை உதைத்து ஊசலாடி அவரிடம் வந்து, ஒரு கையால் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பைக்குள் விட்டார். வலது பைக்குள் விட்டார். முந்தின நாள்தான் சாணை பிடித்த கத்தி. சுற்றியிருந்த கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தார். கத்தி கயிற்றுக்குள் புகுந்து, மணிக்கட்டுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் வந்தது. கயிறு விடவில்லை. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவருக்கு இடது பை ஞாபகம் வந்தது. மழுங்கிய கத்தியை எடுத்து வேறோர் இடத்தில் கயிற்றை அறுத்து அறுத்து எடுத்தார். கை விடுபட்டது. நல்ல கத்தியின் அலகில் ஒட்டியிருந்த வெள்ளை பிரைமர், மணிக்கட்டைச் சுற்றி முடியளவு கோடாகப் பதிந்திருந்தது.

தரைக்கு வந்ததும் தல்ஹா விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"மச்சி, எந்தக் கத்திடா அது?"

கதிரேசன் வலது பையைத் தொட்டார்.

"வாயத் தொறந்து சொல்லு. புதுசா புடிச்சதா?"

"நேத்து தாண்டா. மூணாவது கல்லு."

தல்ஹா வலது கை விரலில் எண்ணினார். "அப்போ அடுத்த சனிக்கிழம. போகியன்னிக்கு" என்றார். "நல்லதா போச்சு போ. பழசெல்லாம் எரிக்கிற நாளு."

இருவரும் டீ குடித்துவிட்டு மேலே ஏறி அன்றைய சுவரை முடித்தார்கள். அறுத்தும் அறுபடாமல் இருந்த அந்தக் கயிற்றுத் துண்டைக் கதிரேசன் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

தல்ஹாவின் மனைவி ஷகீலா ஜாம் பஜார் பக்கம் உள்ள தங்கள் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். அன்றிரவு அவர் யாரையும் திட்டவில்லை. பிரைமர் கோடு அழிவதற்குள் அதன்மேல் மருதாணியால் நூல் பிடித்தது போல ஒரு வளையம் வரைந்தார். மறுநாள் ஒரு அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முழுசாக இருந்தது. மருத்துவர் படத்தையும் மருதாணியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கை தனியாக வந்தால் என்ன செய்வது என்று ஷகீலா கேட்டதற்கு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை ஐஸில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றார். ஒட்டினாலும் கயிற்றில் தொங்குகிற வேலை இனி முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். தல்ஹாவுக்கு வேறு வேலை தெரியாது. மகள் ரூஹிக்கு அப்போது இரண்டு வயது.

ஜனவரி 14 மதியம் மீன்காரம்மாவிடம் கடன் வாங்கிய ஐஸ் பெட்டி கூடத்தில் இருந்தது. தெருவில் ஓர் ஆட்டோ தயாராக நின்றது. மேசைமேல் அந்தக் கயிற்றுத் துண்டு கிடந்தது. கயிறும் மணிக்கட்டும் ஒரே இழுப்பில் அறுபட்டவை. கயிறு விழும் நேரமே கை விழும் நேரம். மூன்று மணிக்குக் கதிரேசனின் போன் அடித்தது. மதில் சுவரில் மீதி வேலைக்கு எப்போது வருவார் என்று கேட்க ஸ்ரீனிவாசராகவன் கூப்பிட்டிருந்தார். கதிரேசன் வர முடியாத காரணத்தைச் சொன்னார். மறுமுனையில் டைரி புரளும் சத்தம் கேட்டது.

"ஏம்ப்பா, நம்மாத்து மாங்காய மறந்துட்டியா? ரெண்டாந்தரம் நறுக்கினதுலேர்ந்துன்னா ஒம்போது நாள் எண்ணித்து! மொதல் வெட்டு கணக்குலயே வரலையே. இங்க எழுதிவச்சிண்டிருக்கேன், பொய்யா சொல்றேன்?"

இனாயத் பக்கத்திலேயே இருந்தார். கையையும் அதே இடத்தில் மறுபடி அறுத்தால் ஒன்பது நாள் புதிதாகத் தொடங்கும். கல்லும் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். கால் மணி நேரத்தில் கத்தி மூன்றாவது கல்லைத் தாண்டியது. வெட்டு அதே கோட்டில் போக வேண்டும், மயிரிழை விலகினாலும் அது புதிய வெட்டாகிவிடும் என்று இனாயத் சொன்னார். தன் கை சாணையிலேயே நடுங்கிப் பழகிவிட்டது என்று ஒதுங்கிக்கொண்டார். எல்லோரும் கதிரேசனைப் பார்த்தார்கள்.

"அண்ணே, நடுங்குனா இப்பவே சொல்லிடுங்க. கைய நான் புடிச்சிக்கிறேன்" என்றார் ஷகீலா.

"சுவத்துக்கு பார்டர் போட்றாப்ல போடு மச்சி" என்றார் தல்ஹா. "மிச்ச காச அப்பறம் கேளு."

மூன்று முப்பத்திரண்டுக்குக் கதிரேசன் மருதாணிக் கோட்டின் மேல் கத்தியை வைத்து ஒரே இழுப்பில் இழுத்தார். காற்றை அறுத்தது போலிருந்தது என்று பிறகு சொன்னார். நாலு பத்துக்கு மேசைமேல் கயிறு இரண்டாகி விழுந்தது. கை அதன் இடத்தில் இருந்தது. கடிகாரத்தில் நாலரை ஆகும்வரை ஆட்டோவைத் தெருவிலேயே நிறுத்திவைத்தார்கள். பிறகு ஷகீலா ஐஸை எடுத்து எல்லோருக்கும் சர்பத் போட்டார்.

அதிலிருந்து வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், கதிரேசன் திருவல்லிக்கேணிக்கு வந்து தல்ஹாவின் கையை அறுத்துவிட்டுப் போனார். ஒன்பது நாள் கெடுவில் இரண்டு நாளை மழைக்கும் பஸ்ஸுக்கும் என்று விட்டு வைத்தார்கள். காலையில் இனாயத் கத்தியைச் சாணை பிடித்து வைப்பார். கத்தியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பதால் தட்டில் வைத்து நகர்த்துவார், கதிரேசன் எடுத்துக்கொள்வார். அறுத்து முடிய மூன்று நொடி. அதன் பிறகு பிரியாணியோ, இல்லாத வாரத்தில் பன் பட்டர் ஜாமோ சாப்பிடுவார்கள். கத்தி வேறு எந்த வேலைக்கும் போகவில்லை. டப்பா திறக்கவும் கயிறு அறுக்கவும் கதிரேசன் கடையில் விற்கும் பிளேடு கட்டர்களை வாங்கிக்கொண்டார். அவை வாரத்துக்கு நான்கு ஒடிந்தன. தல்ஹா கயிற்றில் தொடர்ந்து வேலை செய்தார். அறுபட்டது தெரியாதவரை கயிறு வாளியைத் தாங்கியது போல மணிக்கட்டும் அவரைத் தாங்கியது. மருதாணி மங்க மங்க ஷகீலா மேலே வரைந்தார். பள்ளிவாசலில் கை கழுவும்போது தெரிந்தவர்கள் விடவில்லை. "இன்னா தல்ஹா, வாராவாரம் மாப்ள ஆயிக்கினே கீறியே, எத்தினி கல்யாணம்?" என்பார்கள். "ஒரே பொண்ணத்தான் திரும்பத் திரும்ப கட்டிக்கினு கீறேன்" என்பார் தல்ஹா.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பெரும்பாக்கத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை கதிரேசனால் வெளியே வர முடியவில்லை. போனில் சார்ஜ் இல்லை. ஒன்பதாம் தேதி காலை ஒரு டிராக்டரில் ஏறி மேடவாக்கம் வந்து, அங்கிருந்து கிண்டி வரை நடந்து, மீதியை மீன் வண்டியில் கடந்து, மாலை ஐந்தரைக்கு ஜாம் பஜாரை அடைந்தார். கெடுவுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. ஷகீலா கதவைத் திறந்து அவர் காலைப் பார்த்தார். செருப்பு இல்லை. "மொதல்ல உக்காருங்கண்ணே" என்றார். "நடுங்குது உங்களுக்கு. நடுக்கம் நின்னப்பறம் பாத்துக்கலாம்." ஒரு மணி நேரம் போர்வை போர்த்தி உட்கார வைத்து, அதற்குப் பிறகே தட்டை நகர்த்தினார்கள்.

வெள்ளத்தைவிடப் பெரிய சிக்கல் இரும்பு. ஒவ்வொரு சாணையிலும் அலகு கொஞ்சம் கல்லில் கரைந்து தண்ணீரோடு போயிற்று. கட்டை விரல் அகலம் இருந்தது 2023 கடைசியில் சுண்டு விரல் அகலமாயிற்று. 2024 கடைசியில் பென்சில் அகலம். 2025 ஆகஸ்டில் தீக்குச்சி. பல்லாவரம் சந்தையில் கதிரேசன் தேடித் தேடி நாற்பது கத்திகள் வரை வாங்கினார், எல்லாவற்றையும் இனாயத் மூன்று கல்லிலும் தேய்த்துப் பார்த்தார். எல்லாம் நல்ல கத்திகள். வெட்டியதை உடனே வெட்டின. ஆகஸ்ட் 29 வெள்ளிக்கிழமை, கை அறுத்து முடிந்ததும், இனாயத் கத்தியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் மூணு தடவ. நாலாவது தடவ புடிச்சா கொம்பு பிடி மட்டுந்தான் மிச்சம்" என்றார்.

அடுத்த வெள்ளி, செப்டம்பர் 5. கை அறுத்தாயிற்று. சாப்பாடு எடுத்துவைக்க யாருக்கும் மனமில்லை. ஷகீலா தையல் மெஷினில் இருந்தார், காஞ்சிபுரம் பட்டு ரவிக்கை ஒன்று மறுநாளைக்குக் கொடுக்க வேண்டியது. ரூஹி மேசையிலிருந்த கத்திரிக்கோலை எடுத்துக் காகிதப் பூ வெட்டப் போனதும் அதட்டினார்: "அது துணி வெட்றதுக்கு! காகிதம் பட்டுச்சுன்னா போச்சு. போய் அந்த ப்ளாஸ்டிக் கத்திரிய எடு." சொல்லிவிட்டு, கத்திரிக்கோலை வாங்கி விளிம்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு இனாயத் பக்கம் திரும்பினார்.

"மாமு, இந்தக் கத்திரிய குடுக்கும்போதெல்லாம் எங்கிட்ட ஒண்ணு கேப்பீங்களே."

"வெட்டணுமா தாங்கணுமான்னு கேப்பேன்."

"நான் இன்னா சொல்லுவேன்?"

"வெட்டணும்னுவே."

"அந்தக் கத்திக்கு கேட்டீங்களா?"

இனாயத் தாடியைத் தடவினார். "கதிரேசன் தாங்கணும்னான்."

"அது எப்போ! அது கயிறு அறுத்துக்கினு, டப்பா தொறந்துக்கினு இருந்த காலத்துல. இப்போ அதுக்கு இன்னா வேல? வாரத்துக்கு ஒரு வெட்டு, மூணு செகண்டு. அதுக்கு எதுக்கு மாமு தாங்குற கூர்?"

இரண்டு வருடம் எட்டு மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இனாயத் அந்தக் கத்தியைத் தடித்த சரிவில், கட்டட வேலைக்குத் தாங்குகிற மாதிரியே சாணை பிடித்துவந்திருந்தார். முதல் நாள் வாங்கிய பதிலை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கதிரேசனுக்கும் தோன்றவில்லை. இனாயத் கத்தியை மறுபடி கையில் எடுத்தார். மூன்றாவது கல்லுக்கு மேலும் நைசாகப் போக முடியும், போவதற்குப் பொருள்கள் இருக்கின்றன, ஒவ்வொரு படிக்கும் நாள் மூன்று மடங்காகும், ஆனால் அப்படிப்பட்ட கூர் ஒரு சணலைக்கூடத் தாங்காது, அதனால்தான் யாருக்கும் அப்படிச் சாணை பிடித்ததில்லை என்றார். இதில் இன்னொன்றும் இருந்தது. சரிவை மாற்றினால் மிச்சமிருக்கும் இரும்பு முழுவதும் அதிலேயே போய்விடும். தவறினால் ஒன்பது நாள் கூருக்குத் திரும்ப வழி கிடையாது. கோட்டை விட்டு எலும்பில் பட்டால் அலகு உதிர்ந்துவிடும், கையும் அந்த நிமிடமே போய்விடும்.

"மாமு, மூணு வாரத்துல எப்டியும் போற கை" என்றார் தல்ஹா. "எனக்கு வெட்டணும். எழுதிக்கோங்க."

அன்று மாலை இனாயத் சக்கரத்தைத் துணி போட்டு மூடிவிட்டு மூன்றாவது கல்லில் புதிய சரிவைப் பிடித்தார். சனிக்கிழமை ரூஹியின் சிலேட்டில் தேய்த்தார். ஒன்பது நாள் இருபத்தேழானது. ஞாயிறன்று பழைய அலமாரிக் கண்ணாடியின் விளிம்பில், எண்பத்தொன்று. திங்களன்று தோல் பெல்ட்டில். செவ்வாயன்று நாளிதழை நான்காக மடித்து அதன்மேல். புதனன்று துவைத்துப் பழகிய வேட்டித் துணியில். வியாழக்கிழமை ஷகீலா வெட்டிப்போட்ட பட்டுத் துண்டில். ஒவ்வொரு படியிலும் அலகு மெலிந்துகொண்டே போய், புதன்கிழமைக்குப் பிறகு விளிம்பை நேராகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியவில்லை. வைத்த இடம் மறந்துபோகாமலிருக்கத் தட்டில் கறுப்புத் துணி விரித்தார். அந்த வாரம் மார்க்கெட்டில் கறிக்கடைக்காரர்கள் மழுங்கிய கத்தியோடு வேலை செய்தார்கள், இரண்டு பேர் சண்டைக்கும் வந்தார்கள். வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 12, தொழுகைக்குப் பிறகு, கையை மூன்று முறை கழுவித் துடைத்துவிட்டு, தன் வெறும் உள்ளங்கையில் நூறு முறை முன்னும் பின்னுமாக இழுத்தார். அது ஏழாவது படி.

மின்விசிறியை நிறுத்தினார்கள். ரூஹியைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். ஷகீலா மருதாணியை முந்தின இரவு புதிதாக வரைந்திருந்தார், கோடு சிவப்பாகத் தெரிந்தது. ஐஸ் பெட்டி அதே இடத்தில் இருந்தது. தட்டை நகர்த்தியதும் கதிரேசன் பிடியைத் தொட்டுக் கண்டுபிடித்து எடுத்தார்.

"மச்சி, ஒண்ணு சொல்லட்டா" என்றார் தல்ஹா. "அன்னிக்கி வலது பைல கைய வுட்டியே. அதுக்கு நான் உன்ன ஒரு வார்த்த கேக்கல."

"ஆமா."

"இப்போ கேக்கப் போறேன். அறுத்து முடி மொதல்ல."

மூன்று இருபதுக்குக் கதிரேசன் கத்தியை இழுத்தார். கையில் எதுவும் தட்டுப்படவில்லை. காற்றை அறுப்பது போலக்கூட இல்லை, எதையும் செய்யாதது போல இருந்தது. இழுத்து முடித்ததும் இனாயத் ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார், கதிரேசன் அதை அறுத்தார். பழம் உடனே இரண்டாகித் தரையில் உருண்டது. அந்தக் கூர் ஒரே ஒரு வெட்டுக்குத்தான் இருந்தது. தல்ஹா விரல்களை மடக்கி நீட்டினார். பிறகு அந்தக் கையாலேயே கதிரேசனின் முதுகில் ஓங்கி அடித்துக் கேட்க வேண்டியதைக் கேட்டார். அதை இங்கே எழுத முடியாது. கதிரேசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் அழுததாக ஷகீலா சொல்கிறார். கதிரேசன் இல்லை என்கிறார்.

வேலை நடந்ததா என்று தெரிய ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீனிவாசராகவன் டைரியோடு ஆட்டோவில் திருவல்லிக்கேணிக்கு நேரிலேயே வந்துவிட்டார். மூன்று இருபது ஆயிற்று. நாலு ஆயிற்று. மாலைத் தொழுகைக்கு பாங்கு ஒலித்தது. கை அதன் இடத்தில் இருந்தது. ஸ்ரீனிவாசராகவன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒன்பதை ஏழு முறை மூன்றால் பெருக்கினார், தேதிக்காக நடுவில் வரும் லீப் வருடங்களை எண்ணினார், மறுபடி சரிபார்த்தார். "பத்தொம்பதாயிரத்து அறுநூத்து எண்பத்து மூணு நாள்" என்றார். இருபத்தேழாம் நாளான அக்டோபர் 9 அன்று ஷகீலா மட்டும் வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தார். எண்பத்தோராம் நாளான டிசம்பர் 2 அன்று அவர் தைத்துக்கொண்டே ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஐஸ் பெட்டி மீன்காரம்மாவிடம் திரும்பிப் போயிருந்தது. தல்ஹா அன்று ஆழ்வார்பேட்டையில் எட்டாவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தார்.

மருதாணியை மறுபடி வரையவில்லை. அந்த இடத்தில் தல்ஹா இப்போது கைக்கடிகாரம் கட்டுகிறார். பழைய கத்தியைக் கதிரேசன் வைத்திருக்கிறார், பல் குத்தத்தான் உதவும் என்று தல்ஹா சொல்வதுண்டு. கட்டட வேலைக்குச் சந்தையில் வேறொன்று வாங்கினார். இனாயத் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வெட்டணுமா தாங்கணுமா என்று கேட்டார். தாங்கணும் என்றார் கதிரேசன். மாதம் ஒரு முறை கொண்டுவருகிறார், ஒவ்வொரு முறையும் இனாயத் கேட்கிறார்.

தல்ஹாவின் இடது கை 2079 ஆகஸ்ட் 3, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று இருபதுக்கு விழும். அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது இருக்கும். அன்றைக்கு மட்டும் கயிற்றில் ஏற முடியாது என்று கதிரேசனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.